தராசா, அளவுப்பலகையா? எங்கள் ஈயக்குட்டைக் கயாக் போட்டிக்கு எந்த விதி

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரைக் கடித உறையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதுவோம். வாயில் வருவது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் எண்ணெய்ப்பனை, மறுபக்கம் ஈயக் கப்பல்கள், அதாவது வெள்ளீயம் எடுக்க மிதந்தபடி மண்ணை வாரும் இயந்திரங்கள், தோண்டிவிட்டுப் போன குட்டைகள். நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்டது பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் என்று வாத்தியார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். குட்டைகளைப் பற்றி எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தூண்டிலோடு போய் நாங்களே படித்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் பக்கத்தில் பதினான்கு பேரிடம் கயாக் இருக்கிறது. இரண்டு மூன்று புதியவை. மற்றவை கைமாறி வந்தவை. ஒன்று ஃபைபர் ஒட்டுப்போட்டது. அதன் சொந்தக்காரர் தவிர வேறு யாரும் அதில் உட்காரத் துணிய மாட்டார்கள். பதினான்கு கயாக் ஒரே குட்டையில் இறங்கினால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்? "அண்ணே, ஒரு போட்டி வைப்போமா?"

கோப்பை, மைக் செட், மீகூன், கோப்பி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. விதி எழுதத்தான் யாரும் வரவில்லை. அமெரிக்கக் கயாக் போட்டிகளின் விதிப் புத்தகங்களை இரவில் உட்கார்ந்து படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். வேலை என் தலையில் விழுந்தது. கோயில் கொட்டகையில் இரண்டு கூட்டம் போட்டு, ஒன்றில் கை கலக்காத குறையாகப் பேசி, எதை அப்படியே எடுப்பது, எதை மாற்றுவது, எதைத் தூக்கிப் போடுவது என்று யோசித்ததை இங்கே எழுதுகிறேன். வேறு தோட்டத்துப் பையன்கள் இதே யோசனையில் இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

முதல் சண்டை: எடையா, நீளமா

நம் ஊரில் மீன் போட்டி என்றாலே தராசுதான். காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்களில் பார்த்துப் பழகியது. பிடித்த மீனைக் கரைக்குத் தூக்கி வா, கொக்கியில் மாட்டு, எண்ணைப் பலகையில் எழுது, பெரிய மீனுக்குப் பரிசு. பார்க்க வருகிற கூட்டத்துக்கும் அதுதான் பிடிக்கும். மீனைத் தூக்கிக் காட்டும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது.

அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு நடக்கும் போட்டிகளும் தராசில்தான் பிறந்தன. 1967-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் நடத்திய போட்டிதான் இன்றைய பாஸ் போட்டிகளுக்கெல்லாம் முன்னோடி. பிடித்த மீன்களைக் கொல்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, 1972-இல் அவரே பிடித்ததைக் கொல்லாதே என்ற இயக்கத்தைத் தொடங்கினார். படகுக்குள் நீர் சுழலும் தொட்டி வைத்து, அதில் மீனை உயிரோடு வைத்திருந்து, மாலையில் எடைபோட்டுத் திரும்ப ஏரியில் விடுவது வழக்கமானது. ஒருவருக்கு ஐந்து மீன் என்ற கணக்கும் அந்த உலகத்திலிருந்துதான் கயாக் போட்டிகளுக்கு வந்தது.

கயாக்கில் அந்தத் தொட்டிக்கு இடம் ஏது? காலை நீட்டவே இடமில்லை. அதோடு அமெரிக்காவில் கயாக்காரர்கள் ஒரே துறையிலிருந்து புறப்படுவதில்லை. ஏரியின் நாலு மூலையிலும் இறங்குவார்கள். எல்லோரும் மீனைத் தூக்கிக்கொண்டு ஒரே தராசுக்கு வருவது நடக்காது. அதனால் கேபிஎஃப் என்று அழைக்கப்படும் கயாக் பாஸ் ஃபிஷிங், கயாக் செய்யும் ஹோபி நிறுவனத்தின் பாஸ் ஓப்பன் தொடர், 2020-இல் தொடங்கிய பாஸ்மாஸ்டர் கயாக் தொடர் எல்லாமே ஒரே வழிக்கு வந்து சேர்ந்தன: பிடி, அளவுப்பலகையில் வைத்துப் படமெடு, விட்டுவிடு. ஐந்து பெரிய மீன்களின் நீளத்தைக் கூட்டினால் அதுவே மதிப்பெண்.

எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் தராசுப் பக்கம், இளைஞர்கள் பலகைப் பக்கம். நான் பலகைப் பக்கம். இதில் எனக்கு ஒரு பழைய வலியும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சில வருடங்களுக்கு முன் வேறு ஊரில் ஒரு போட்டி. காலை எட்டு மணிக்கெல்லாம் நல்ல ராஜா ஒன்று, அதாவது பீக்காக் பாஸ் என்று கூப்பிடும் மீன், கிடைத்தது. வாளியில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தேன். பத்து மணிக்குள் செத்துவிட்டது. மதியம் எடைபோடும்போது உடம்பு விறைத்து, நிறம் வெளுத்து, பார்க்கவே சகிக்கவில்லை. தராசைப் பிடித்தவர் கை ஆட, எண் 1.8-க்கும் 1.9-க்கும் நடுவே ஊஞ்சலாடியது. அவர் கீழே இருந்த எண்ணைப் படித்தார். எனக்கு அடுத்து வந்தவர் அவருக்குத் தெரிந்தவர். அவருக்கு மேலே இருந்த எண் கிடைத்தது. ஐம்பது கிராமில் நான் நான்காம் இடம். பரிசு மூன்று வரைக்கும்தான்.

வலியை ஒதுக்கிவைத்துப் பேசினாலும் கணக்கு தராசுக்கு எதிராகத்தான் இருக்கிறது. 20 பாகை நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்து நிற்கும். 30 பாகையில் அது 7.5-க்கு இறங்கிவிடும். நம் குட்டையின் மேல்மட்ட நீர் மதியத்தில் 30-ஐத் தொடுவது சர்வ சாதாரணம். வெயிலில் கிடக்கும் வாளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் வசந்த காலக் குளிர்நீரில், காற்றடிக்கும் தொட்டியில் பிழைக்கிற மீனை வைத்து எழுதிய விதி நம் வாளியில் பிழைக்காது.

இதில் ஒரு வேடிக்கை. விராலுக்குப் பெரிய உறவான தோமான், விரால் இரண்டும் வாளியில் பிழைத்துக்கொள்ளும். மேலே வந்து வாயைத் திறந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கிற சாதி அவை. ராஜாவுக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே "நாங்க சின்ன வயசுல இருந்து வாளியிலதானே போட்டுவைக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்று மாமா ஒருவர் சொன்னது பொய்யில்லை. அவர் சொன்னது விராலைப் பற்றி.

ஏமாற்று: எடையிலும் உண்டு, படத்திலும் உண்டு

தராசு என்றால் ஏமாற்ற முடியாது என்று நினைப்பவர்கள் 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். ஈரி ஏரியில் வால்ஐ மீன் போட்டி. வென்றவர்களின் மீன் பார்க்கும் அளவுக்கு மீறிக் கனத்தது. போட்டி நடத்தியவர் எல்லோர் முன்னாலும் வயிற்றைக் கீறினார். உள்ளே ஈயக் குண்டுகள், கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகள். அந்த இருவருக்கும் அடுத்த ஆண்டு பத்து நாள் சிறை, படகும் போனது. ஈயம் எடுத்த ஊர்க்காரர்களான எங்களுக்கு மீன் வயிற்றில் ஈயம் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

நீளத்தில் ஈயம் பலிக்காது. அதற்காகப் பலகை யோக்கியமானது என்று நம்பிவிட வேண்டாம். பலகையின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு தடுப்பு இருக்கும். மீனின் வாய் அதில் முட்ட வேண்டும். அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டரை அறுத்து எடுத்துவிட்டு ஒட்டினால், மீன் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். ஐந்து மீனில் ஐந்து சென்டிமீட்டர். முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையில் அவ்வளவு இருக்காது. ஒரே மீனை இரண்டு தடவை படமெடுப்பதும் உண்டு. முந்தின நாள் பிடித்து வலையில் கட்டிவைத்த மீனைக் காலையில் எடுத்துக் காட்டுவதும் உண்டு.

இதற்கெல்லாம் அங்கே மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். போட்டி தொடங்கும் நேரத்தை ஒட்டி ஓர் அடையாளக் குறி அறிவிக்கப்படும். எழுத்தும் எண்ணும் கலந்த குறியை அட்டையில் எழுதி, மீனுக்குப் பக்கத்தில் படத்தில் விழும்படி வைக்க வேண்டும். முதல் நாள் எடுத்த படத்தில் அந்தக் குறி இருக்க வழியில்லை. மீனின் தலை இடப்பக்கம், வாய் மூடித் தடுப்பில் முட்டியபடி, வால் பலகைக்குள், விரல் செவுளுக்குள் போகக் கூடாது. வாய் திறந்திருந்தால் நீளத்தில் கழிவு, குறி தெரியாவிட்டால் படமே செல்லாது. அங்குலத்தின் கால் பாகத்துக்குக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்குவார்கள். சந்தேகத்தின் பலன் மீனுக்குப் போகும், பிடித்தவருக்கு இல்லை. படங்களை டூர்னிஎக்ஸ் போன்ற செயலியில் ஏற்றினால் நடுவர் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

இதில் எங்களுக்குப் பொருந்தாதது செயலி ஒன்றுதான். இரண்டாம் குட்டைக்குப் பின்னால் போனால் போனில் ஒரு கோடுகூட இருக்காது. படத்தைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து கரையில் காட்டட்டும் என்று முடிவு செய்தோம். குறியை நாங்கள் காலையில் சீட்டாகக் கொடுப்போம், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். பலகை விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன்: யாரும் சொந்தப் பலகை கொண்டுவரக் கூடாது. ஒரே தச்சரிடம் ஒரே பலகையிலிருந்து பதினாறு அறுத்து, வெள்ளைச் சாயம் அடித்து, அரை சென்டிமீட்டர் கோடு போட்டு, காலையில் கொடுத்து மாலையில் திரும்ப வாங்குவது. கடையில் விற்கிற அலுமினியப் பலகைதான் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் பதினாறுக்கும் அந்தக் காசைப் போட்டால் கோப்பைக்கு மிச்சம் இருக்காது.

படமெடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். போன வாரம் ஒத்திகைக்காக நான் போனேன். காலை ஏழே காலுக்கு, முங்கிக் கிடந்த மரத்தடிக்குப் பக்கத்தில் ராஜா ஒன்று அடித்தது. கயாக் ஒரு பக்கம் சாய, மீனை வலையில் அள்ளி மடியில் போட்டேன். பலகையை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த பலகையில் வைத்தால் மீனின் வழுவழுப்பு உரிந்துவிடும். நனைத்தேன். ஊசியைக் குறட்டால் கழற்றினேன். மீனை வைத்து வாயைத் தடுப்பில் முட்டவைத்தேன். வாலில் இருக்கும் அந்தக் கறுப்புக் கண் என்னையே பார்த்தது. இடக்கை மீனின் முதுகில், வலக்கையில் போன், போனில் ஈரவிரல் பட்டுத் திரை திறக்க மாட்டேன் என்கிறது. சட்டையில் விரலைத் துடைத்தேன். திரை திறந்தது. மணிக்கட்டுச் சீட்டு படத்தில் விழவில்லை. கையைத் திருப்பினேன். அந்த ஒரு நொடியில் மீன் துள்ளி, பலகையைத் தாண்டி, என் தொடையில் ஒரு முள் குத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீருக்குள் போய்விட்டது. 44 செ.மீ இருக்கும். இருக்கும் என்றால் எங்கள் விதிப்படி அது பூஜ்யம்.

அதனால்தான் மீனைப் பலகையில் கிடத்தும் முன்பே சீட்டு பலகையின் மூலையில் ரப்பர் பட்டையால் மாட்டியிருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்ந்தது. ஒத்திகை பார்க்காமல் விதி எழுதியிருந்தால் அந்த வரி வந்திருக்காது.

தோமானும் ராஜாவும் ஒரே பலகையில் உட்கார மாட்டார்கள்

அமெரிக்க விதிப் புத்தகம் எங்களைக் கைவிட்ட இடம் இதுதான். அங்கே பாஸ் என்றால் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ், புள்ளிப் பாஸ் என்று கிட்டத்தட்ட ஒரே உடல்வாகுள்ள உறவுகள். எல்லாவற்றையும் நீளத்தால் அளந்தாலும் நியாயம் கெடாது.

இங்கே ராஜாவை பீக்காக் பாஸ் என்று கூப்பிட்டாலும் அது பாஸ் குடும்பமே இல்லை. தென் அமெரிக்கச் சிக்லிட், திலாப்பியாவுக்குத் தூரத்துச் சொந்தம். தோளும் வயிறுமாகப் பருத்துக் குட்டையாக இருக்கும். தோமான் உருளை. அதே எடையுள்ள தோமானைப் பலகையில் கிடத்தினால் வால் எங்கேயோ போய் விழும். இரண்டையும் ஒரே நீளக் கணக்கில் போட்டால் ராஜாவைத் தேடுகிறவன் முட்டாள். எல்லோரும் தோமான் பின்னாலேயே போவார்கள். எடையில் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை என்று தராசுக் கட்சி சொன்னது. அது சரியான வாதம். எனக்கு அதற்கு உடனே பதில் இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்ததில் பிரித்துவிடுவதே வழி. முதன்மைப் போட்டி ராஜாவுக்கு, ஐந்து மீன் நீளம். ஒத்திகையில் ஒரு தம்பி 38, 41.5, 44, 36, 47 என்று பிடித்தான், கூட்டினால் 206.5. அப்படி எண் வந்தால் பலகையில் எழுத அழகாக இருக்கிறது. தோமானுக்குத் தனியாக ஒரே ஒரு பரிசு, நீளமான ஒரு மீனுக்கு. செபராவ், விரால் கணக்கில் இல்லை. செபராவை விட்டதற்கு எனக்கே வருத்தம்தான், ஆனால் மூன்று பட்டியல் வைத்தால் கணக்கு எழுதுகிறவர் ஓடிவிடுவார்.

தோமான் பரிசில் ஒரு நிபந்தனை. தோமான் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்து போலத் திரண்டு மேலே வரும்; அப்பனும் ஆத்தாளும் கீழே காவல். அந்தப் பந்துக்கு நடுவே ஜம்ப் ஃப்ராக் என்ற செயற்கைத் தவளை இரையை இழுத்தால் காவலுக்கு நிற்கும் பெரிய மீன் கண்டிப்பாக அடிக்கும். வித்தை இல்லாமலே கிடைக்கிற மீன். அதை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் அரை மணியில் தீர்த்துவிடும். குஞ்சோடு இருக்கும் தோமானைப் பிடித்தால் கணக்கில் வராது என்று எழுதினோம். "இதை எப்படிண்ணே நிரூபிப்பீங்க?" என்று கேட்டான் ஒருவன். நிரூபிக்க முடியாதுதான். ஆனால் பதினான்கு கயாக் சுற்றி நிற்கும் குட்டையில் சிவப்புப் பந்து எல்லோர் கண்ணிலும் படும். நம் ஊரில் அதைவிடப் பெரிய நடுவர் கிடையாது.

செயற்கை இரை மட்டும், ஒரு நேரத்தில் ஒரு தூண்டில் மட்டும் என்ற அமெரிக்க விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டோம். உயிருள்ள தவளையை மீன் தொண்டைக்குள் விழுங்கிவிடும். பிறகு விட்டாலும் பிழைக்காது.

விடுவதா, ஐஸ் பெட்டியில் போடுவதா

கூட்டத்தில் சூடு ஏறியது இந்த இடத்தில்.

பிடித்து விடுவது என்பது அங்கே சொந்த மண் மீனைக் காப்பாற்றச் சொன்ன விதி. ராஜா நமக்குச் சொந்த மண் மீனா? வந்தேறி. அது வந்தபின் குட்டைகளில் சின்ன மீன்கள் குறைந்ததாகப் பழைய தூண்டில்காரர்கள் புலம்புவதை நான் சிறுவயதிலிருந்து கேட்கிறேன். பனாமாவின் காட்டூன் ஏரியில் 1960-களின் கடைசியில் இதே இனம் நுழைந்தது. முன்பு சாதாரணமாகக் கிடைத்த மீன்கள் பலவும் மளமளவென்று குறைந்ததை 1973-இல் இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஃபுளோரிடாவில் நிலைமை நேரெதிர். 1984-இல் அந்த மாநில அரசே மயாமிப் பக்கக் கால்வாய்களில் ராஜாவைக் கொண்டுபோய் விட்டது, அங்கே ஏற்கெனவே பெருகிவிட்ட வேறு வெளிநாட்டு மீன்களைத் தின்னட்டும் என்று. குளிர் தாங்காத மீன், வடக்கே பரவாது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அந்தக் குளிர் எங்கே இருக்கிறது?

ஜப்பானில் பெருவாய்ப் பாஸே வந்தேறி. பிவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில் பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக் கூடாது என்று 2003 முதல் கட்டளை இருக்கிறது. கரையில் மீனைப் போடப் பெட்டிகளும் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜார்ஜியாவில் 1932-இல் பிடிபட்ட உலகச் சாதனைப் பாஸுக்கு நிகரான மீன், பத்து கிலோவுக்கு மேல், 2009-இல் கிடைத்ததும் அதே பிவா ஏரியில்தான்.

ஆக ஒரே மீனை ஒரு நாடு காப்பாற்றுகிறது, இன்னொரு நாடு பெட்டியில் போடச் சொல்கிறது. நாங்கள் எந்தப் பக்கம்? ராஜாவை எல்லோரும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். "ராஜா இல்லாட்டி இந்தக் குட்டையில எதைடா பிடிக்கப் போறோம்?" என்று எதிர்ப்பக்கம் கேட்டது. நான் எடுத்துவிடும் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் கட்டாயப்படுத்தப் பிடிக்கவில்லை. பதினான்கு பேர் ஒரு காலையில் பிடிக்கும் ராஜாவால் இத்தனை குட்டைகளின் கணக்கு மாறிவிடாது என்பதும் உண்மை.

இறுதியில் ராஜாவை விட்டாலும் எடுத்தாலும் மதிப்பெண் ஒன்றே என்று வைத்தோம். தோமானைக் கண்டிப்பாக விட வேண்டும். எடுக்கிற ராஜாவை உடனே கொன்று ஐஸில் போட வேண்டும், வாளியில் துடிக்கவிடக் கூடாது. உயிருள்ள ராஜாவை யாரும் வேறு குட்டைக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அவர் எங்களோடு இனி மீன் பிடிக்க முடியாது. இந்த மீன் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு நடந்து போகவில்லை, யாரோ வாளியில் கொண்டுபோனார்கள். மஞ்சள் தூள், உப்பு போட்டுப் பொரித்தால் ராஜா விராலைவிட ருசி என்பது என் மனைவியின் தீர்ப்பு, விதியில் எழுதவில்லை.

துடுப்பு, பெடல், மோட்டார்

இங்கே அதிகம் பேச ஒன்றுமில்லை. மின் மோட்டாரை அனுமதிக்கும் போட்டியும் உண்டு, கை காலால் மட்டும் என்று வைக்கும் போட்டியும் உண்டு. காலத்துக்குக் காலம் மாற்றியும் இருக்கிறார்கள். காலால் மிதிக்கிற ஹோபியின் மிராஜ் டிரைவ் 1997-இல் வந்தபின் துடுப்புக்கும் பெடலுக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

பெடல்காரனுக்கு இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம். அது பெரிய லாபம்தான். ஆனால் எங்களில் பெடல் வைத்திருப்பவர்கள் மூவர், மூவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல், ஒருவருக்கு முட்டிவலி. மற்றவர்களின் இளம் தோளுக்கு அது ஈடாகிவிடும். ஆகவே துடுப்பும் பெடலும் ஒன்று. மோட்டார் கூடாது. குட்டைகள் அவ்வளவு பெரியவை இல்லை. பெட்ரோல் இஞ்சினுக்குக் கண்டிப்பாக இடமில்லை: இந்தப் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளின் நீரை வறட்சியில் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைத்து விடுகிறார்கள், கடைசியில் அது குழாயில்தான் வருகிறது. மோட்டார் ஒன்றே ஒன்று இருக்கும், உதவிப் படகில்.

இடி, லைஃப் ஜாக்கெட், வெளிச்சம்

பாதுகாப்பில் எந்த விதியை எடுப்பது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. அமெரிக்கத் தொடர்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் லைஃப் ஜாக்கெட் உடம்பில், பூட்டிய நிலையில். காலடியில் வைத்திருப்பது செல்லாது. சூரியன் வருமுன் இறங்கினால் சுற்றிலும் தெரிகிற வெள்ளை விளக்கு. அப்படியே எடுத்துக்கொண்டோம்.

எதிர்ப்பு வந்தது. "நான் இந்தக் குட்டையிலேயே நீச்சல் கத்துக்கிட்டவன்டா." ஈயக் கப்பலில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் மூலையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கப்பல் வாளி எவ்வளவு ஆழம் போச்சுன்னு உனக்குத் தெரியுமா? கரையில நின்னு ரெண்டு எட்டு வெச்சா மூணாவது எட்டுக்குத் தரை இருக்காது. கீழ மண்ணு மாவு மாதிரி. கால வெச்சா இழுக்கும்." பிறகு யாரும் பேசவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றினால் அந்த நிமிடத்தோடு போட்டியிலிருந்து வெளியே, பிடித்த மீனெல்லாம் கழிவு.

நேரத்தை மட்டும் அமெரிக்காவிலிருந்து எடுக்கவில்லை. அங்கே பிற்பகல் வரை போகும். நமக்கு மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடி நிச்சயம். நீரிணைப் பக்கமிருந்து விடியலில் வரும் சுமத்ராக் காற்று வேறு சில நாள் ஏழு மணிக்கே வானத்தைக் கறுக்க வைக்கும். ஏழு அடிக் கார்பன் தூண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீர் நடுவே உட்கார்ந்திருப்பவன் மின்னலுக்குத் தானே கம்பம் நட்டவன். ஏழு மணிக்குத் தொடக்கம், பன்னிரண்டுக்கு முடிவு. இடி கேட்டால் உதவிப் படகு மூன்று தடவை ஊதும், எல்லோரும் கரைக்கு. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபின்தான் திரும்ப இறங்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரையில் நிற்க நேர்ந்தால் அதுவரை வந்த நீளமே முடிவு. மூன்று மணி நேரப் போட்டியாகக் கூட முடியலாம். குறை சொல்பவர்கள் சொல்லட்டும்.

கடைசி வாக்கெடுப்பில் பலகைக்கு ஒன்பது, தராசுக்கு ஐந்து. தோற்ற ஐவருக்கும் ஒரு சலுகை கொடுத்தோம்: ஐஸ் பெட்டியில் வரும் ராஜாக்களை மதியம் தராசில் போட்டுக் காட்டலாம். கூட்டம் கைதட்டலாம், மைக்கில் எடை சொல்லலாம். பரிசு கிடையாது. அந்தத் தராசைப் பிடிக்கும் வேலையை என்னிடம் கொடுக்கக் கூடாது என்று நானே எழுதிக்கொடுத்துவிட்டேன்.

கட்டணம் முப்பது வெள்ளியா ஐம்பதா என்பது மட்டும் பாக்கி. தச்சர் முதல் பலகையைக் கொண்டுவந்து காட்டினார். நேற்று அதை வீட்டு அளவுகோலோடு வைத்துப் பார்த்தேன், 60-ஆம் கோட்டில் இரண்டு மில்லிமீட்டர் விலகுகிறது. திங்கட்கிழமை திரும்ப அவரிடம் போக வேண்டும்.